லினோடைப் ஈயக் குண்டு பன்றிக்குள் விரியவில்லை என்றால்

வணக்கமுங்க தம்பி. தாராபுரத்திலிருந்து டெக்சாஸ் போன நீங்கள், .300 பிளாக்அவுட் என்ற துப்பாக்கித் தோட்டாவுக்கு லினோடைப் ஈயத்தில் வார்த்த குண்டை நொடிக்கு 1,050 அடி வேகத்தில் சுட்டதில், அது காட்டுப்பன்றியை ஊசி போலத் துளைத்துப் போக, பன்றி ஓடிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். நானும் அங்கே சில வருஷம் இருந்துவிட்டுப் பொள்ளாச்சி திரும்பியவன்தான்.

கோளாறு ஈயத்தில்தான் இருக்கிறது. லினோடைப் அச்செழுத்து வார்க்கிற கலவை. ஆன்டிமனி என்ற உலோகம் 12 சதவீதம், பிரினெல் கடினம் (உலோகம் எவ்வளவு கெட்டி என்று காட்டுகிற எண்) 22 வாக்கில். ஒலியைவிடக் குறைந்த வேகத்தில் அது விரியாது. சுத்த ஈயம் 5தான். 20 பங்கு ஈயத்துக்கு 1 பங்கு வெள்ளீயம் சேர்த்தால் 10 வாக்கில் வரும். முனையில் குழி உள்ள அச்சில் அதை வார்த்துப் பாருங்கள். நகத்தால் கீறினால் சுத்த ஈயத்தில் தடம் பளிச்சென்று விழும், லினோடைப்பில் நகம் வழுக்கிவிடும். உங்களுக்கு வேண்டியது ஈயத்தின் பக்கமாக இருக்கிற பதம்.

மிருதுவான குண்டு குழலில் ஈயம் அப்புமே என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் அளவு சிறுத்தால்தான் அப்பும். குழலுக்குள் சுருளாக வெட்டியிருக்கிற பள்ளங்களின் விட்டத்தைவிடக் குண்டின் விட்டம் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு கூடுதலாக இருக்கட்டும்.

அப்புறம், நனைத்த செய்தித்தாள் கட்டில் சுட்டு, குண்டைத் தோண்டி எடுத்து, மலர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே வேட்டைக்குப் போங்கள். அடிபட்ட உயிரைக் காட்டில் அலையவிடுவது பெரும் பாவமுங்க.

ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று: 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே வேட்டை குற்றம்.