சரளைச் சாலையில் முன் சக்கரம் அலைபாய்வது பற்றி

வீட்டுக்குப் போகும் கடைசி 3 கிலோமீட்டர் சரளை, அதில் உங்கள் ஸ்போர்ட்ஸ் பைக்கின் முன் சக்கரம் ஆடுகிறது, காற்றைக் குறைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஆட்டம் சகஜம்தான் நண்பரே. அடியில் கற்கள் உருளும்போது சக்கரம் தானே வழி தேடும். ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தால்தான் வம்பு.

இந்த வண்டிகளில் ஹேண்டில் தாழ்வு. உடம்பின் பாரம் மணிக்கட்டில் இறங்கிவிடும். முழங்கால்களால் டேங்கை இறுக்கிக்கொண்டு, முழங்கைகளைத் தளர விடுங்கள். எழுந்து நிற்க வேண்டாம், இருக்கையிலிருந்து லேசாக எழும்பினாலே போதும். இரண்டாம் கியர், சீரான ஆக்சிலேட்டர். கார் டயர் போன தடம் இருந்தால் அதிலேயே போங்கள். நடுவில் குவிந்திருக்கும் சரளைதான் ஆளைக் கவிழ்க்கும். முன் பிரேக்கை ஒரு விரலால், அதுவும் வண்டி சாயாமல் நேராகப் போகும்போது மட்டும் பிடியுங்கள். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள், சரளையில் அது நிற்கும் தூரத்தைக் கூட்டவே செய்யும்.

காற்றா? 3, 4 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) குறைக்கலாம். அதற்கு மேல் வேண்டாம். டயரின் பக்கச்சுவர் குட்டை, ஒரு கல்லில் ரிம் நெளிந்துவிடும். மறுபடி தார் ரோட்டில் வேகமெடுக்கும் முன் காற்று நிரப்பியாக வேண்டும். தினமும் யார் செய்வார்கள்? அதற்குப் பதில் சஸ்பென்ஷனின் கம்ப்ரஷன் திருகை, அதாவது அது அமுங்கும் விறைப்பை மாற்றும் திருகை, இரண்டு கிளிக் தளர்த்திப் பாருங்கள்.

அப்புறம், தெறிக்கும் கல் படாமலிருக்க ரேடியேட்டருக்கு ஒரு கம்பிவலை போட்டுவிடுங்கள்.