அரைகுறை ஸ்பானிஷோடு புவேர்ட்டோ ரிக்கோவில் ஆசிரியர் பயிற்சிப் பருவத்தை முடிக்க முடியுமா?

கரீபியக் கடலில் உள்ள அத்தீவுக்கு 'வெளிநாட்டுப் பயிற்சி'யாகப் போக நினைத்து நீங்கள் கேட்ட இக்கேள்விக்கு என் விடை: முடியும், ஆனால் நீங்கள் ஆங்கிலம் கற்பிக்கத் தகுதி பெறுபவராக இருந்தால் மட்டுமே இதை இவ்வளவு உறுதியாகச் சொல்வேன். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆசிரியர் கல்வியில் முதுகலை படித்தபோது, இறுதிப் பருவத்தின் வகுப்பறைப் பயிற்சியை நான் 2023-ஆம் ஆண்டு தீவின் தென்கரையில், போன்சே நகரை ஒட்டிய ஓர் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு ஆங்கிலம் கற்பித்து முடித்தேன். நீங்கள் கணிதமோ அறிவியலோ எடுப்பவர் என்றால் விடை வேறு. அங்குள்ள அரசுப் பள்ளிகளில் ஆங்கிலம் தவிர மற்றப் பாடங்கள் பொதுவாக ஸ்பானிஷில்தான் நடக்கின்றன. அமெரிக்கா முழுவதும் நடத்தப்படும் தேசிய மதிப்பீட்டுத் தேர்வின் கணிதத் தாளைக்கூட அத்தீவின் மாணவர்கள் ஸ்பானிஷிலேயே எழுதுகிறார்கள். தலைநகர் சான் ஹுவானில் ஆங்கிலவழித் தனியார் பள்ளிகள் சில உண்டு, அவற்றில் மொழி உங்களைத் தடுக்காது. ஆனால் ஃப்ளோரிடாவிலேயே கிடைக்கக்கூடிய அனுபவத்துக்காகக் கடல் தாண்டிப் போவானேன் என்பது என் எண்ணம்.

நீங்கள் இதை 'வெளிநாட்டுப் பயிற்சி' என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். என் பல்கலைக்கழகமும் அதை அந்தப் பட்டியலில்தான் வைத்திருந்தது. சட்டப்படி புவேர்ட்டோ ரிக்கோ அமெரிக்க ஆட்சிப்பகுதி என்பதால், எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படிக்கும் ஒருவர் அங்கே போவது உள்நாட்டுப் பயணமே. புதிய விசா எடுக்கத் தேவையில்லை. ஆயினும் கடவுச்சீட்டையும், பல்கலைக்கழகம் தரும் ஐ-20 என்ற மாணவர் தகுதிப் படிவத்தையும் கையிலேயே வைத்திருங்கள். ஊதியமில்லாத பயிற்சிதானே என்று அலட்சியமாக இராமல், படிப்பின் பகுதியாகப் பணிப்பயிற்சி செய்வதற்கான சிபிடி அனுமதி வேண்டுமா என்பதைப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளுங்கள். தீவு முழுவதற்கும் ஒரே கல்வித் துறை, அதன் கீழ் ஏழு மண்டலங்கள் என்பது அங்குள்ள அமைப்பு. ஆகவே தலைமையாசிரியர் வாய்மொழியாகச் சரி என்று சொன்னாலும், மண்டல அலுவலகத்தின் ஒப்புதலும் குற்றப்பின்னணி இல்லை என்ற சான்றும் வந்து சேராமல் வகுப்பறைக்குள் நுழைய முடியாது.

இனி மொழிக்கு வருகிறேன். உங்கள் ஸ்பானிஷ் எவ்வளவு என்பதைவிட, அத்தீவில் ஆங்கிலத்துக்கு இருக்கும் இடம் என்ன என்பதை அறிந்து போவதே முக்கியம். 1898-இல் ஸ்பெயினிடமிருந்து தீவைக் கைப்பற்றிய அமெரிக்கா, அடுத்த அரை நூற்றாண்டில் பள்ளிகளின் பயிற்றுமொழியாக ஆங்கிலத்தைத் திணிப்பதும் தளர்த்துவதும் மீண்டும் இறுக்குவதுமாகப் பல கொள்கைகளைச் சோதித்துப் பார்த்தது. கல்வி ஆணையர் மாரியானோ வில்யாரோங்கா 1949-இல் ஸ்பானிஷை எல்லா வகுப்புகளுக்கும் பயிற்றுமொழி ஆக்கிய பிறகே, ஆங்கிலம் கட்டாயப் பாடம் என்ற அளவில் நின்றது. 1991-இல் ஸ்பானிஷ் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்ததும், 1993-இல் ஆட்சி மாறியவுடன் இரண்டும் ஆட்சிமொழிகளாக ஆனதும் இந்தக் கதையின் தொடர்ச்சிதான். மொழிப்போர் நினைவுள்ள மண்ணிலிருந்து வந்த நமக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. பாலர் வகுப்பிலிருந்து ஆங்கிலம் படித்தும் பதின்மூன்று வயதில் வாய் திறக்கத் தயங்கும் ஒரு பிள்ளையைப் பார்த்து, இது சோம்பல் என்று முடிவு கட்டும் பயிற்சி ஆசிரியர் அங்கே ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்க மாட்டார்.

என் வகுப்பில் இரண்டு வகைப் பிள்ளைகள் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். 2017 செப்டம்பர் 20 அன்று மரியா புயல் தீவைச் சிதைத்தபின் ஃப்ளோரிடாவுக்குக் குடிபெயர்ந்து, சில ஆண்டுகள் அங்கே படித்துவிட்டுத் திரும்பியவர்கள் ஒரு வகை; அவர்கள் ஆங்கிலத்தைச் சரளமாகப் பேசினார்கள், ஸ்பானிஷில் கட்டுரை எழுதத் திணறினார்கள். தீவை விட்டு எங்கும் போகாதவர்கள் மற்றொரு வகை. அவர்கள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது மரியா வந்தது; மறு ஆண்டே 250-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகள் மூடப்பட்டு மாணவர்கள் வேறு கட்டடங்களுக்கு மாற்றப்பட்டார்கள்; நான்காம் வகுப்பில், 2020 ஜனவரி 7 அன்று, 6.4 அளவிலான நிலநடுக்கம் தென்கரையை உலுக்கியது. குவானிக்கா ஊரில் ஒரு பள்ளியின் மூன்று மாடிக் கட்டடம் அன்று நொறுங்கி விழுந்தது; ஜனவரி 6-இல் கொண்டாடும் மூன்று அரசர்கள் திருநாளை ஒட்டிய விடுமுறை என்பதால் உள்ளே ஒரு பிள்ளையும் இல்லை. அது அடங்குவதற்குள் கொரோனா வந்தது. முதல் பாடக்குறிப்பை எழுதும்போது, ஏழாம் வகுப்புக்கு உரிய திறன்கள் என்று பாடத்திட்டத்தில் அச்சிட்டிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்பதை என் வழிகாட்டி ஆசிரியை இந்த ஆண்டுகளை வரிசையாகக் கரும்பலகையில் எழுதிக் காட்டித்தான் விளக்கினார்.

என் அரைகுறை ஸ்பானிஷ் எனக்குப் பெரிதும் கைகொடுத்தது என்றே சொல்ல வேண்டும். ஸ்பானிஷ் பேசுபவர்களுக்கு 'ஸ்' என்ற மெய்யில் தொடங்கும் கூட்டொலி நாவில் வராது. 'ஸ்கூல்' என்பது 'எஸ்கூல்' ஆகும். நம் ஊரிலும் பாட்டிமார் 'இஸ்கூல்' என்றுதான் சொல்வார்கள் என்று நான் சொல்லிக் காட்டியபோது வகுப்பே சிரித்தது. அதன்பின் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம்: நான் தினமும் இரண்டு ஸ்பானிஷ் வாக்கியங்களைப் பலகையில் எழுதுவேன், அவர்கள் சிவப்பு மையில் திருத்துவார்கள், பிறகு அவர்களுடைய ஆங்கில வாக்கியங்களை நான் திருத்துவேன். பின்வரிசையில் தலை குனிந்தே இருந்த ஒரு சிறுவன், "மிஸ்ஸி, இங்கே பெண்பால் வர வேண்டும்" என்று ஸ்பானிஷில் கத்தியபடி எழுந்து வந்து என் கையிலிருந்த எழுதுகோலை வாங்கித் திருத்தினான். அந்த வாரமே முதன்முதலாக ஆங்கிலத்தில் ஒரு முழு வாக்கியம் பேசினான். பாடத்தைச் சரளமான ஆங்கிலத்தில் நடத்திவிட்டு, வராந்தாவிலும் உணவுக்கூடத்திலும் அலுவலகத்திலும் தட்டுத்தடுமாறியேனும் ஸ்பானிஷில் பேசுங்கள். பெற்றோர் சந்திப்புக்கு மட்டும் வழிகாட்டி ஆசிரியையை உடன் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளையின் குறையை அரைகுறை மொழியில் அவன் தாயிடம் சொல்லக் கூடாது.

அன்றாட வாழ்க்கையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தென்கரை தீவின் வடபகுதியைவிட வறண்டது, வெயில் கடுமையானது. 2022 செப்டம்பரில் ஃபியோனா புயல் தீவு முழுவதையும் இருளாக்கிய நிலைமையிலிருந்து மின்கட்டமைப்பு மீண்டிருந்தாலும், நான் இருந்த மாதங்களில் மின்வெட்டு புதிதல்ல. மின்விசிறி நின்றதும் ஜன்னலோரப் பிள்ளைகள் சொல்லாமலே எழுந்து, அலுமினியச் சட்டங்கள் வரிசையாக அடுக்கிய ஜன்னல்களின் சிறு கைப்பிடியைச் சுற்றி முழுவதுமாகத் திறந்துவிடுவார்கள். ஆகவே ப்ரொஜெக்டரை நம்பி மட்டும் பாடம் தயாரிக்காதீர்கள். பள்ளி உணவுக்கூடத்தில் சோறும் காராமணி போன்ற பருப்புக் குழம்பும் கிடைக்கும், நம் நாவுக்கு ஒத்துப்போகும். சைவ உணவு உண்பவர்கள் மட்டும் அக்குழம்பில் பன்றி இறைச்சித் துண்டுகள் சேர்ப்பது வழக்கம் என்பதை அறிந்து, சமையல் செய்பவரிடம் கேட்டுவிட்டுத் தட்டை நீட்டுவது நல்லது. பேருந்து வசதி குறைவு, கார் இல்லாமல் காலை எட்டு மணிக்குள் பள்ளிக்குப் போவது கடினம். தூரத்தைக் கிலோமீட்டரிலும் வேக வரம்பை மைலிலும் எழுதி வைத்திருக்கும் சாலைகள் அவை. முதல் நாட்களில் கவனமாக ஓட்டுங்கள்.

விண்ணப்பிக்கும்போது பள்ளி நாட்காட்டியை முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பருவம் ஜனவரி 6 திருநாள் கழிந்த பிறகே தொடங்கும், மே மாத இறுதியை ஒட்டி முடியும், இடையில் புனித வார விடுமுறையும் வசந்த காலத்தில் தீவு அளவிலான தேர்வுகளும் கற்பிக்கும் நாட்களைத் தின்றுவிடும். உங்கள் மாநிலம் ஆசிரியர் உரிமத்துக்குக் கேட்கும் வாரங்கள் அந்த இடைவெளிக்குள் அடங்குமா, தீவில் செய்த பயிற்சியை அந்த மாநிலம் ஏற்குமா என்பதைப் பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே உறுதி செய்யுங்கள். வகுப்பைப் படம்பிடித்து அனுப்ப வேண்டிய தேர்வு உங்களுக்கு இருந்தால், பெற்றோர் ஒப்புதல் கடிதத்தை ஸ்பானிஷில் அச்சிட்டு முதல் மாதத்திலேயே வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். பல்கலைக்கழகத்தின் மதிப்பீட்டுப் படிவத்தையும் இரு மொழிகளில் தயாரித்து, கடைசி வாரம் வரை காத்திராமல் வழிகாட்டி ஆசிரியரின் கையொப்பத்தையும் பள்ளி முத்திரையையும் வாங்கிவிடுங்கள். கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் முத்திரை வைத்திருப்பவரைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.