பழைய ஹைலக்ஸ் இடப்பக்கம் சாய்ந்தால்: ரோர்ஷன் பாரை முறுக்குவதற்கு முன்

கேள்வி: என்னிடம் இருப்பது 1994ஆம் ஆண்டு ரொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கப், டூ வீல் டிரைவ். முல்லைத்தீவிலிருந்து மாங்குளம் வழியாக வவுனியாவுக்கு மீன் ஏற்றுகிறேன். கொஞ்ச நாளாக முன்பக்கம் இடதுபுறம் இறங்கி நிற்கிறது. குழியில் விழுந்தால் ‘டொக்’ என்று அடிக்கிறது. 60க்கு மேல் போனால் வாகனம் ரோட்டில் அலைகிறது. இடப்பக்க ரயரின் உள்விளிம்பும் தேய்ந்துவிட்டது. ஒரு கராஜில் ரோர்ஷன் பார் போல்டை முறுக்கினால் போதும் என்கிறார்கள். இன்னொரு கராஜில் முன்பக்கச் சாமான் முழுவதையும் மாற்றச் சொல்கிறார்கள். எதைக் கேட்பது?

பதில்: இப்போதைக்கு இரண்டையும் கேட்க வேண்டாம். நீங்கள் சொல்லும் நான்கு குறைக்கும் ஒரே காரணம் இருக்க வேண்டும் என்றில்லை. எங்கே ஆட்டம் இருக்கிறது என்று கண்டுபிடிக்காமல் போல்டை முறுக்கினால் வாகனம் நிமிர்ந்து நிற்கும், சத்தம் அப்படியே இருக்கும்.

உங்கள் வாகனத்தில் முன்பக்க ஸ்பிரிங் என்பது நீளமான ஒரு இரும்புத் தண்டுதான், அதைத்தான் ரோர்ஷன் பார் என்கிறோம். ஒரு முனை சக்கரத்தைத் தாங்கும் ஆர்மில் பூட்டியிருக்கும், மறுமுனை பின்னால் சேஸிஸின் குறுக்குச் சட்டத்தில் ஒரு பெரிய போல்டோடு நிற்கும். பாரம் வரும்போது தண்டு முறுகும், அந்த முறுக்கம்தான் ஸ்பிரிங். போல்டை இறுக்கினால் தண்டு பலமாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பலம் தண்டின் தடிப்பிலும் நீளத்திலும் இருக்கிறது. போல்ட் செய்வது உயரத்தை மாற்றுவது மட்டுமே. அளவுக்கு மீறி ஏற்றினால் சக்கரம் கீழே இறங்க இடமில்லாமல் போகும், ஒவ்வொரு குழியிலும் ஆர்ம் ரப்பர் தடுப்பில் போய் அடிக்கும். ஆர்மையும் சக்கரத்தையும் இணைக்கும் உருண்டை மூட்டான போல் ஜொயின்டும் கோணலாக நின்று சீக்கிரம் தேயும்.

முதலில் சாய்வு உண்மையில் முன்பக்கத்தில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். பின்பக்கம் ஒரு ஸ்பிரிங் பட்டை உடைந்திருந்தாலும் முன்பக்கம் சாய்ந்து தெரியும். வாகனத்தை வெறுமையாக, சமதரையில், இரண்டு பக்க ரயருக்கும் ஒரே காற்றழுத்தத்தில் நிறுத்துங்கள். முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, பின் அச்சின் நடுவில் இருக்கும் டிஃபரென்சியல் உருண்டைக்குக் கீழே ஜக் வைத்துப் பின்சக்கரங்கள் தரையை விட்டுச் சற்று எழும்ப உயர்த்துங்கள். இப்போது பின்பக்க ஸ்பிரிங் வாகனத்தை ஒரு பக்கமாகச் சாய்க்க முடியாது. முன்பக்கம் நிமிர்ந்துவிட்டால் கோளாறு பின்னால். சாய்வு அப்படியே இருந்தால் முன்னால். உயரத்தை மட்காட் விளிம்பை வைத்து அளக்காதீர்கள். 30 வயதான வாகனத்தில் மட்காட் எத்தனை தடவை கழற்றிப் பூட்டப்பட்டதோ! இரண்டு பக்கமும் சேஸிஸில் ஒரே இடத்திலிருந்து தரைக்கு அளவெடுங்கள்.

அடுத்தது ஆட்டம். இதில் அவசரப்பட வேண்டாம், முழு விஷயமும் இங்கேதான் இருக்கிறது.

போல் ஜொயின்ட் கழன்றால் சக்கரம் மடங்கி வாகனம் ரோட்டில் குந்திவிடும் என்பதால் அதிலிருந்து தொடங்குங்கள். குனிந்து, ரோர்ஷன் பார் மேல் ஆர்மில் பூட்டியிருக்கிறதா, கீழ் ஆர்மில் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பாரம் தாங்குவது அந்த ஆர்மின் போல் ஜொயின்ட்தான். அதன்மீது எடை அழுத்தும்போது எவ்வளவு ஆட்டினாலும் தேய்மானம் தெரியாது. பார் கீழ் ஆர்மில் என்றால் ஜக்கைக் கீழ் ஆர்முக்கு அடியில், சக்கரத்துக்குக் கிட்ட வைத்து உயர்த்துங்கள். மேல் ஆர்மில் என்றால் சேஸிஸில் வைத்து உயர்த்துங்கள். ஜக்கை மட்டும் நம்பிக் கீழே நுழைய வேண்டாம், ஸ்டாண்ட் கொடுங்கள். பிறகு ரயருக்குக் கீழே ஒரு கடப்பாரையைக் கொடுத்து மேலே நெம்பச் சொல்லிவிட்டு, ஜொயின்டில் கண்ணை வையுங்கள்.

அப்புறம் சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரைப் பிறேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பெயரிங், நிற்காவிட்டால் போல் ஜொயின்ட் அல்லது ஆர்ம் புஷ் (ஆர்ம் சேஸிஸில் பூட்டும் இடத்திலிருக்கும் ரப்பர்). பெயரிங் தளர்வு என்றால் நல்ல காலம். கழற்றிப் பாருங்கள், உருளைகளில் புள்ளி விழாமல் இருந்தால் கிறீஸ் போட்டு இறுக்கம் வைத்து, நட் கழலாமல் தடுக்கும் கொட்டர் பின்னைப் புதிதாகப் போட்டால் முடிந்தது.

வாகனம் அலைவதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது ஸ்ரியரிங் இணைப்புகளை. சக்கரங்கள் தரையில் இருக்க, ஒருவர் ஸ்ரியரிங்கை இருபக்கமும் சிறிது சிறிதாக ஆட்டட்டும். நீங்கள் கீழே இருந்து சக்கரத்தைத் திருப்பும் தண்டுகளின் முனை மூட்டான ரை றொட் என்ட் ஒவ்வொன்றையும் கையால் பிடித்துப் பாருங்கள். இடப்பக்கம் சேஸிஸில் இருந்து ஸ்ரியரிங் தண்டைத் தாங்கும் ஐட்லர் ஆர்மை மறக்க வேண்டாம். அதன் புஷ் தேய்ந்தால் இடச்சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். பல கராஜ்களில் இதைப் பார்க்காமல் ஸ்ரியரிங் பொக்ஸின் திருகை இறுக்கி அனுப்பிவிடுகிறார்கள். அந்தத் திருகைக் கூட இறுக்கினால் வளைவு முடிந்தபின் ஸ்ரியரிங் தானாகத் திரும்பாது.

‘டொக்’ சத்தத்துக்குப் பெரும்பாலும் காரணம் ஆர்ம் புஷ் அல்லது ஷொக் அப்சோபர் முனையிலிருக்கும் ரப்பர். எண்ணெய் கசிந்தால் ஷொக்கை இரண்டு பக்கமும் மாற்றுங்கள். ஆனால் ஷொக் மாற்றினால் சாய்வு போகாது, அது உயரத்தைத் தாங்கும் சாமான் இல்லை.

நீங்கள் மீன் ஏற்றுகிறவர் என்பதால் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். பெட்டியிலிருந்து ஒழுகும் உப்புத்தண்ணீர் சேஸிஸை உள்ளிருந்து தின்னும். கீழ் ஆர்ம் பூட்டும் இடத்தையும், ரோர்ஷன் பார் போல்ட் நிற்கும் குறுக்குச் சட்டத்தையும் கம்பி பிரஷால் தேய்த்து, வெடிப்போ பொருக்கோ இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே வெடிப்பு இருந்தால் மற்ற எதையும் தொடாமல் முதலில் சட்டத்தைச் சரிசெய்ய வேண்டும்.

புஷ் மாற்றும்போது பெரும்பாலோர் விடும் தவறு: சக்கரம் தொங்கும் நிலையிலேயே ஆர்ம் போல்டை இறுக்கிவிடுவது. ரப்பர் அப்போதே முறுகி நிற்கும், வாகனத்தை இறக்கியதும் கிழியத் தொடங்கும். போல்டை லேசாகப் பூட்டி, வாகனத்தைச் சக்கரத்தில் இறக்கி, உயரமும் வைத்த பிறகுதான் கடைசி இறுக்கு. போல் ஜொயின்ட் நட்டில் கொட்டர் பின் துவாரம் நேராக வராவிட்டால் இன்னும் சற்று இறுக்குங்கள், தளர்த்தி நேராக்காதீர்கள்.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய ரோர்ஷன் பார் வாங்கலாம், அதில் தப்பில்லை. துருக்குழி விழாத தண்டாகப் பாருங்கள். இடம், வலம் வேறு வேறு, முனையிலிருக்கும் குறியைப் பார்த்து வாங்குங்கள், மாற்றிப் பூட்டினால் முறியக்கூடும். பழைய போல் ஜொயின்டும் ரை றொட் என்டும் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

ஆட்டமெல்லாம் தீர்ந்த பிறகும் இடப்பக்கம் இறங்கியிருந்தால் இப்போது போல்டை முறுக்கலாம். முதல்நாள் இரவே புரியில் துருநீக்கும் எண்ணெய் அடித்துவிடுங்கள். முன்பக்கத்தை உயர்த்தி சக்கரத்தைத் தொங்கவிட்டால் போல்டில் பாரம் குறையும், புரி அறாது. ஒவ்வொரு சுற்றாக ஏற்றுங்கள். ஒவ்வொரு தடவையும் இறக்கி, சில யார் முன்னும் பின்னும் ஓட்டிவிட்டு அளவெடுங்கள். இறக்கியவுடனே எடுக்கும் அளவு பொய்யாக இருக்கும். தண்டைக் கழற்றுவதென்றால் கதை வேறு: முதலில் போல்டை முழுதாகத் தளர்த்தி முறுக்கை விட வேண்டும், தண்டும் அதன் கவ்வியும் நின்ற நிலைக்குப் பெயின்டால் குறி போட வேண்டும்.

வீல் அலைன்மென்ட் எல்லாவற்றுக்கும் பிறகு. உயரம் மாறினால் சக்கரத்தின் சாய்வும் மாறும். இடப்பக்கம் இறங்கியபோது சக்கரத்தின் மேற்பகுதி உள்ளே சாய்ந்திருக்கும், உங்கள் ரயரின் உள்விளிம்பு தேய்ந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். தேய்ந்த ரயரைக் கையால் குறுக்கே தடவிப் பாருங்கள். ஒரு பக்கமாகத் தடவும்போது வழவழப்பாகவும், மறுபக்கமாகத் தடவும்போது அரம்போலவும் இருந்தால் டோ அளவும் (முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) பிசகியிருக்கிறது.

கைக்காசு போதாதென்றால் போல் ஜொயின்டையும் ஸ்ரியரிங் இணைப்புகளையும் முதலில் முடியுங்கள், புஷ்ஷும் ஷொக்கும் அடுத்த மாதம் பார்க்கலாம். அலைன்மென்ட் முடியும்வரை புது ரயர் வாங்க வேண்டாம். ஆனால் இப்போதைய ரயரில் உள்நூல் தெரிகிறதென்றால் அதில் லோட் ஏற்றிப் போகாதீர்கள், அதுவரை ஸ்பெயார் வீலைப் போட்டு ஓடுங்கள்.