ஈ.சி.ஆர். மனைப்பிரிவுக்குச் சங்கம் தொடங்கி, பீச்சுக்கு கேட் போட்டு உறுப்பினர்களுக்கு மட்டும் என்று வைக்கலாமா?

முடியாது. முடிந்தாலும் செய்யாதீர்கள்.

கேள்வியில் நீங்கள் சொன்னது இவ்வளவு: மரக்காணம் பக்கம் 64 மனை. வாங்கியவர்களில் பெரும்பாலோர் ஓசூர், கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம். புரொமோட்டர் ‘பிரைவேட் பீச்’ என்று சொல்லி விற்றார். இப்போது சங்கம் பதிவு செய்து, வழியில் கேட் வைத்து, ஆள் போட்டு, மனைக்கு மாதம் 500 ரூபாய் வசூலிக்கலாமா என்று கேட்கிறீர்கள். நீங்கள் சொல்லாதது ஒன்றை நான் ஊகிக்கிறேன். மனையை ஏப்ரல் அல்லது மே மாதம் பார்த்திருப்பீர்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

‘கடலே இல்லாத மாவட்டத்துக்காரனுக்குக் கடற்கரையைப் பற்றி என்ன தெரியும்’ என்று கமென்டில் யாராவது கேட்பார்கள். கிருஷ்ணகிரிக்காரர் ஈ.சி.ஆரில் மனை வாங்குவது பல வருடமாக நடக்கிறது. 2024 ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்த பிறகு ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டி, நிறுத்தியிருந்த வண்டிகளை வெள்ளம் இழுத்துப்போனது. கடல் நமக்கு அவ்வளவு தூரம் இல்லை.

முதலில் யார் நிலம் என்பதைப் பார்த்துவிடுங்கள். 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் உயர் நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள கடற்படுகை அரசுடையது என்று நேரடியாகவே சொல்கிறது. அதற்கு மேலே உள்ள மணல்பரப்பு பல கிராமங்களில் புறம்போக்கு. உங்கள் கிராமத்தில் எப்படி என்பது ‘ஏ’ பதிவேட்டில், அதாவது சர்வே எண் வாரியாக நிலத்தின் வகையைச் சொல்லும் கிராமக் கணக்கில், இருக்கும். அதையும் கிராம வரைபடத்தையும், கடலோரத்துக் கடைசி சர்வே எண்ணின் புலப்படத்தையும் (எஃப்.எம்.பி. அளவு வரைபடம்) எடுங்கள். கூடவே டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவு வரைபடம், சாலைகளையும் பூங்கா இடத்தையும் உள்ளாட்சிக்குக் கொடுத்த தானப் பத்திர நகல். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் 10 சதவீதம் திறந்தவெளி ஒதுக்கீடாகப் போகும், சாலைகளும் போகும். இந்த ஐந்தையும் ஒரே மேஜையில் விரித்துப் பார்த்தால் ‘பிரைவேட் பீச்’ எங்கே என்று தேடவேண்டியிருக்கும். பீச் அரசுடையது. அங்கே போகும் 30 அடி சாலை பஞ்சாயத்துடையது. அதில் கேட் வைத்தால் ஆக்கிரமிப்பு சங்கத்தின் பெயரிலேயே இருக்கும், பதிவு எண்ணோடு.

எல்லைக் கல் தெரியாவிட்டால் எஃப்-லைன் எனும் எல்லை அளவைக்கு மனு கொடுத்து சர்வேயரை வைத்து அளந்துகொள்ளுங்கள். பக்கத்து மனைப்பிரிவின் காம்பவுண்டைப் பார்த்து எல்லையை முடிவு செய்யாதீர்கள். அவர்களே தள்ளிக் கட்டியிருக்கலாம்.

சி.ஆர்.இசட். (கடலோர ஒழுங்குமுறை மண்டலம்) பற்றி எல்லோரும் கேட்பதால் சுருக்கமாக. உயர் அலை வரியிலிருந்து (பெரிய ஓதத்தில் கடல் நீர் எட்டும் கோடு) நிலப்பக்கம் 500 மீட்டர் வரை இந்த மண்டலம். ஊரகப் பகுதியில் முதல் 200 மீட்டர் கட்டுமானம் கூடாத பகுதி என்பது 2011 அறிவிக்கையின் கணக்கு. 2019 அறிவிக்கையில் மக்கள் நெருக்கம் சதுர கிலோமீட்டருக்கு 2,161-க்கு மேல் உள்ள ஊர்களுக்கு மட்டும் 50 மீட்டர். ‘இப்போது 50 மீட்டர்தான்’ என்று தரகர் சொன்னால் உங்கள் ஊரின் நெருக்கம் என்ன, அந்த அறிவிக்கைப்படி தயாரித்த கடலோர மேலாண்மை வரைபடம் எங்கே என்று கேளுங்கள். 1:4,000 அளவு வரைபடத்தில் சர்வே எண் தெரியும். உயர் அலை வரியைக் குறித்துக் கொடுக்க அண்ணா பல்கலைக்கழகத் தொலையுணர்வு நிறுவனம் போன்ற அங்கீகாரம் பெற்ற அமைப்புகள் இருக்கின்றன. சங்கமே ஒருமுறை செலவு செய்து முழு மனைப்பிரிவுக்கும் வாங்கிவிட்டால் 64 பேரும் தனித்தனியாக அலையவேண்டாம். சங்கத்தின் முதல் பெரிய செலவு இதுவாக இருக்கட்டும், கேட் வேண்டாம்.

இப்போது அந்த ஏப்ரல், மே விஷயம். வடகிழக்குப் பருவத்தில், நவம்பர் முதல் ஜனவரி வரை, கடல் மணலை வெட்டி எடுக்கும். கோடையில் கொண்டுவந்து போடும். மே மாதம் அகலமாகப் பார்த்த மணல் டிசம்பரில் பாதிகூட இருக்காது. அப்போது முதல் வரிசை மனைக்காரர் பதறிப்போய் ‘சங்கப் பணத்தில் கல் கொட்டுங்கள்’ என்பார். நான்காவது வரிசைக்காரர் ‘நான் ஏன் கொடுக்க வேண்டும்’ என்பார். கடற்கரைச் சங்கங்கள் உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பைலாவிலேயே, அதாவது சங்க விதிகளிலேயே, எழுதிவிடுங்கள்: தனி மனையின் கரைப் பாதுகாப்புக்குப் பொது நிதியைச் செலவிடக்கூடாது.

கல் கொட்டுவதற்கு சி.ஆர்.இசட். அனுமதி வேண்டும் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், நம் கிழக்குக் கரையில் வருடக் கணக்கில் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. குறுக்கே எது நின்றாலும் அதன் தெற்கில் மணல் சேரும், வடக்கில் கரை அரிக்கும். புதுச்சேரித் துறைமுகத்துக்கு 1980-களில் அலைதடுப்பு கட்டிய பிறகு நகரத்துக் கடற்கரையின் மணல் போனது இப்படித்தான். உங்கள் முதல் வரிசைக்காகக் கடலுக்குள் நீட்டும் கல் உங்களுக்கு வடக்கே உள்ள மீனவக் குப்பத்தைத்தான் தின்னும்.

சண்டை வராமலிருக்க அளவு வேண்டும். மனைப்பிரிவின் கடலோர எல்லையில் மூன்று இடத்தில் கருங்கல் கம்பம் நடுங்கள். இரும்பு ஆங்கிள் உப்புக் காற்றில் இரண்டு மூன்று வருடத்தில் அடியில் துருப்பிடித்து ஒடியும். கல்லுக்கு அந்தத் தொல்லை இல்லை, நம் பக்கம் கிடைப்பதும் கல்தான். வயலில் நடும் 7 அடிக் கம்பம் போதும். ஆனால் மணலில் ஒன்றரை அடிக் குழி நிற்காது. இரண்டரை அடி தோண்டி, அடியில் ஜல்லி போட்டு இடித்து நடவேண்டும். கம்பத்தில் ஒரு கோடு வெட்டி எண் போடுங்கள். அந்தக் கோட்டிலிருந்து அடும்புக் கொடி முடியும் விளிம்பு வரை டேப் பிடித்து அளந்து, கம்பம் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து, நோட்டில் எழுதுங்கள். ஜனவரி கடைசியில் ஒருமுறை, ஜூனில் ஒருமுறை. ஜனவரி அளவை ஜனவரியோடு மட்டும் ஒப்பிட வேண்டும். ஈர மணல் வரை அளப்பது வீண், அது அலைக்கு அலை மாறும். நான்கைந்து ஜனவரி அளவு கையில் இருந்தால் கரை போகிறதா, போய்த் திரும்புகிறதா என்பதைக் கத்திப் பேசித் தீர்க்க வேண்டியதில்லை.

மணல்மேட்டைத் தொடாதீர்கள். கடல் தெரிய வேண்டும் என்று ஜே.சி.பி. விட்டு மேட்டைத் தட்டுகிறார்கள், எனக்கு வயிறு எரியும். சட்டப்படி தப்பு, மனைக்கும் கேடு. புயல் அலை ஏறும்போது முன்னால் நிற்பது அந்த மேடு ஒன்றுதான். பாதையை மேட்டின் குறுக்கே நேராக வெட்டாமல் சாய்வாக வளைத்துக் கொண்டுபோங்கள். நேர் வெட்டு காற்றும் அலையும் உள்ளே வருவதற்கு வாய்க்கால். மேடு கரைந்த இடத்தில் அடும்பும் ராவணன் மீசையும் நடலாம். அடும்புக் கொடியை ஒன்றரை, இரண்டு அடித் துண்டாக நறுக்கி, இரண்டு மூன்று கணு மண்ணுக்குள் போகும்படி படுக்கவைத்துப் புதைத்து, மூன்று அடிக்கு ஒன்று வைத்தால் போதும். ஐப்பசி மழையோடு நட்டால் தனியாகத் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. நட்ட முதல் வருடம் யாரும் மிதிக்காமல் கயிறு கட்டுங்கள். தேங்காய்நார்க் கயிறு நல்லது. நைலான் அறுந்து கடலுக்குப் போனால் ஆமை கழுத்தில்தான் மாட்டும்.

ஆமை என்றதும் விளக்கு. ஜனவரி முதல் மார்ச், ஏப்ரல் வரை பங்குனி ஆமை கரையேறி ஒரு குழிக்கு நூறு முட்டைக்கு மேல் இடும். ஒன்றரை மாதத்துக்கு மேல் கழித்துக் குஞ்சு வெளிவந்து, வெளிச்சம் உள்ள பக்கம் நகரும். கடல் பக்கம் இருண்டு, உங்கள் எல்.இ.டி. பிரகாசமாக இருந்தால் குஞ்சு தார்ச்சாலைக்கு வரும். 1972 வனவிலங்குச் சட்டத்தில் அதிகபட்சப் பாதுகாப்புள்ள முதல் அட்டவணை உயிரினம் அது. கடலோரக் கம்பங்களில் மஞ்சள் விளக்கு, மேலே மூடி, தரையைப் பார்த்த முகம். ஜனவரி முதல் மே வரை இரவு முழுக்க கடல் பக்க வரிசை அணைந்திருக்க டைமர் போடுங்கள். ‘பாதுகாப்பு’ என்று எதிர்ப்பார்கள். மேற்குப் பக்கச் சாலை விளக்கு எரியட்டும், திருடன் வருவது அந்தப் பக்கமாகத்தான்.

போர்வெல் விஷயத்திலும் ஊர்ப் பழக்கம் உதவாது. நம் பக்கம் தண்ணீர் இல்லையென்றால் 800 அடி, 1,000 அடி என்று இறக்குகிறோம். கடலோரத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீர் மேல் மிதக்கும் ஒரு மெல்லிய படலம். கடல்மட்டத்துக்கு மேலே நல்ல நீர் ஒரு அடி நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நல்ல நீர். மேலே ஒரு அடி இறங்கினால் கீழே உப்பு 40 அடி ஏறும். ஒருவர் ஆழமாகப் போட்டு இழுத்தால் பக்கத்து நான்கு மனைக்கும் சேர்த்து உப்பாகும், திரும்ப இனிப்பாக வருடங்கள் பிடிக்கும். உயர் அலை வரியை ஒட்டி நிலத்தடி நீர் எடுப்பதற்கு சி.ஆர்.இசட். கட்டுப்பாடும் இருக்கிறது. சாலையோரத்தில் ஆழமில்லாத ஒரு பொதுக்கிணறு, சின்ன மோட்டார், நேரம் வைத்து இறைப்பு. பைலாவில் தனி போர்வெல்லுக்குத் தடை எழுதுங்கள்.

இனி பதிவு. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975. ஏழு பேர் இருந்தால் தொடங்கலாம், 20 உறுப்பினர் ஆகிவிட்டால் பதிவு கட்டாயம். செயற்குழுவில் குறைந்தது மூன்று பேர், பதவிக்காலம் மூன்று வருடத்தைத் தாண்டக்கூடாது. சிறப்புத் தீர்மானத்துக்கு முக்கால் பங்கு ஆதரவு. பதிவு அலுவலக முகவரி எந்த மாவட்டமோ அந்த மாவட்டப் பதிவாளரிடம்தான் எல்லாத் தாளும் போகும். உறுப்பினர்கள் இங்கே இருப்பதால் முகவரியைக் கிருஷ்ணகிரியில் வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு கையெழுத்துக்கு ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் என்று பஸ் மாறி ஒரு நாள் போகும். மாவட்டத் தலைநகராகி இத்தனை வருடம் கழித்தும் கிருஷ்ணகிரிக்கு ரயில் இல்லை. மாங்கூழும் கிரானைட்டும் உலகம் முழுக்கப் போகிற ஊர், ரயில் ஏற நாம் ஜோலார்பேட்டைக்கோ ஓசூருக்கோ போகவேண்டும். சர்வே எடுப்பார்கள், அதோடு நிற்கும். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் இந்தச் சங்கத்தில் பொதுக்குழுவுக்கு ஆள் வராததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும்.

பைலாவில் மறக்கக்கூடாதவை இன்னும் மூன்று. கூட்டுப் பெயரில் உள்ள மனைக்கு ஒரே ஓட்டு. விற்காத மனைகளுக்குப் புரொமோட்டரும் சந்தா கட்டவேண்டும், அவருக்கு எத்தனை மனை இருந்தாலும் ஓட்டுக்கு உச்சவரம்பு. முதல் கூட்டத்தில் கோரம் (கூட்டம் செல்லக் குறைந்தபட்சம் வரவேண்டிய ஆள் எண்ணிக்கை) சேராவிட்டால் தள்ளிவைத்த கூட்டத்துக்குக் கோரம் எவ்வளவு என்பது. கடைசியை விட்டுவிட்டால் எதுவும் நிறைவேறாது.

சந்தா மாதம் 500 என்றால் 64 மனைக்கு வருடம் 3,84,000. தாளில் நன்றாக இருக்கும். பாதிப் பேர் கட்டாமல் 1,92,000 வந்தால் ஒரு வாட்ச்மேன் சம்பளத்துக்கே மாதம் 16,000 தான். மாதச் சந்தாவை விட்டுவிட்டு வருடத்துக்கு ஒரே தவணை வையுங்கள், அதுவும் ஜூலையில். மாந்தோப்பு வைத்திருப்பவர் கையில் அப்போதுதான் பணம் நிற்கும், கம்பெனி வேலைக்காரருக்கு எந்த மாதமும் ஒன்றுதான். தொடக்கத்தில் மனைக்கு 10,000 வாங்கினால் 6,40,000 வைப்பு நிதி. அதைப் புயலுக்குப் பிறகு மரம் அகற்ற, கம்பம் நிமிர்த்த மட்டும் எடுக்கலாம் என்று எழுதுங்கள். வங்கிக் கணக்கில் இரண்டு கையெழுத்து. காலி மனைக்காரர் ‘நான் அங்கே போவதே இல்லை’ என்று கட்ட மறுப்பார். சாலையும் விளக்கும் கிணறும் இருப்பதால்தான் அவர் மனைக்கு விலை ஏறுகிறது. பாக்கியில்லாச் சான்று இல்லாமல் விற்பனை சட்டப்படி நிற்காது என்று யாரும் சொல்ல முடியாது, ஆனால் வாங்க வருகிறவர் சங்கத்திடம் கேட்காமல் வாங்குவதில்லை. அந்த இடத்தில் பாக்கி தானாக வசூலாகும்.

குளிப்பவர்கள் விஷயம்: கேட்டுக்கு வைத்த பணத்தில் இரண்டு மிதவை வளையம், ஒவ்வொன்றுக்கும் 30 மீட்டர் மிதக்கும் கயிறு, ஒரு கல் பலகை. அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் இடைவெளியில்தான் உள்ளிழுப்பு, அதாவது ஆளைக் கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம், இருக்கும். மாட்டினால் கரையைப் பார்த்து நீந்தக்கூடாது, கரைக்கு இணையாக நீந்தி வெளியே வரவேண்டும் என்று பலகையில் எழுதுங்கள். ஏரியிலும் கிணற்றிலும் நீந்தத் தெரிந்த நம் பையன்கள்தான் இதில் தைரியமாக இறங்குகிறார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை சிவப்புக் கொடி பறக்கட்டும், யாரும் கடலில் இறங்கவே வேண்டாம்.

கடைசியாக, பக்கத்துக் குப்பம். படகு ஏற்றும் இடம், வலை காயவைக்கும் இடம், கரைவலை இழுக்கும் இடம் எல்லாம் உங்கள் மனைப்பிரிவு வருவதற்கு முன்பே அவர்களுடையது. சாலையில் தடுப்புக் கம்பம் வேண்டுமென்றால் பஞ்சாயத்துத் தீர்மானம் வாங்கி, கார் மணலில் இறங்காத அளவுக்கு, ஆனால் வலை வண்டி போகும் அகலத்துக்கு வையுங்கள். அந்த அகலத்தை அவர்கள் வண்டியை நிறுத்திவைத்தே அளந்துகொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், கரையில் ஆள் இருப்பார்கள், வலை பின்னிக்கொண்டிருப்பார்கள். ஊர்ப் பஞ்சாயத்தாரைப் பார்க்க அதுதான் நேரம். செயற்குழுவில் நான்கு பேராகப் போங்கள், வாட்ச்மேன் வேலைக்கு அவர்கள் ஊரிலேயே ஆள் கேளுங்கள்.