கைரோபிராக்டர் பதிவுக் கட்டணம்: வரியை மீட்க 48 சதவீதம் கொடுக்க வேண்டுமா?

லண்டனில் ஒரு கிளினிக்கில் சம்பளத்துக்குக் கைரோபிராக்டராக (முதுகெலும்பு, மூட்டு வலிகளுக்குக் கைகளால் சிகிச்சை தருபவர்) வேலை பார்க்கும் வாசகி எழுதியிருக்கிறார்: "நான்கு வருடமாக ஜெனரல் கைரோபிராக்டிக் கவுன்சிலுக்கு வருடம் 800 பவுண் கைக்காசிலிருந்து கட்டுகிறேன். சம்பளம் 30,000 பவுணுக்குக் கிட்ட. அந்தக் கட்டணம் முழுவதையும் எடுத்துத் தருவதாக ஒரு நிறுவனம் வாட்ஸ்அப்பில் படிவம் அனுப்பியிருக்கிறது. வருவதில் 48 சதவீதம் அவர்களுக்காம். கையெழுத்திடலாமா? இந்த ஜூனிலிருந்து சனிக்கிழமைகளில் சுயதொழிலாகவும் பார்க்கிறேன்."

கையெழுத்திட வேண்டாம். 800 பவுண் முழுவதும் திரும்பி வரும் என்பதே பொய். அந்த 800 பவுணுக்கு நீங்கள் கட்டிய வரிதான் திரும்பும். உங்கள் சம்பளத்துக்கு அது 20 சதவீதம், அதாவது வருடத்துக்கு 160 பவுண், நான்கு வருடத்துக்கு 640. அதில் 48 சதவீதம் என்றால் 307 பவுண் அவர்கள் பைக்குப் போய்விடும். அவர்கள் செய்யப்போவது ஒரே ஒரு படிவத்தை நிரப்புவதுதான்.

அந்தக் கவுன்சிலின் பதிவேட்டில் இல்லாமல் தன்னைக் கைரோபிராக்டர் என்று சொல்லிக்கொள்வது பிரிட்டனின் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தொழில் செய்ய அரசே கட்டாயமாக்கிய கட்டணம் இது. அதற்கு உரிய வரிச் சலுகையை ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கேட்டு வாங்க வேண்டியிருப்பது எனக்கு இன்றுவரை ஏற்புடையதாக இல்லை. பதிவேடு யாரும் பார்க்கக்கூடிய இடத்தில் இருக்கிறது. அதை வரித் திணைக்களம் பார்த்துச் சரிசெய்தால் இந்தத் தரகர்களுக்கு வேலையே இராது.

சென்ற வருடங்களுக்கான வழி பி87 படிவம், அதாவது வேலைக்காகக் கைக்காசில் செய்த செலவுக்கு வரிச் சலுகை கேட்கும் படிவம். அரசின் இணையதளத்திலேயே இலவசமாக நிரப்பலாம். கவுன்சில் தந்த ரசீதுகளை இணையுங்கள். எந்த ஆண்டுக்கான கட்டணம் என்பதைவிட எந்தத் தேதியில் கட்டினீர்கள் என்பதையே பாருங்கள். வரி ஆண்டு ஏப்ரல் 6இல் தொடங்குகிறது. ஆகவே 2024 நவம்பரில் 2025க்காகக் கட்டியது 2024-25 வரி ஆண்டில் சேரும். நான்கு ஆண்டுகளுக்கு மேல் பழையதைக் கேட்க முடியாது, தள்ளிப்போடாதீர்கள். கிளினிக் திருப்பித் தந்த தொகை ஏதும் இருந்தால் அதைக் கழித்துவிட்டே கேட்க வேண்டும்.

சனிக்கிழமைச் சுயதொழிலைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன், தவறு நடப்பது இங்கேதான். அந்த வருமானம் ஒரு வரி ஆண்டில் 1,000 பவுணைத் தாண்டினால் செல்ஃப் அசெஸ்மென்ட் கணக்கு (வருமானத்தை நீங்களே கணக்கிட்டுத் திணைக்களத்துக்குத் தரும் வரிக் கணக்கு) கொடுக்க வேண்டும். அந்த ஆண்டுக்கு பி87 வேண்டாம், கட்டணத்தைக் கணக்கிலேயே காட்டுங்கள். ஆனால் ஒரே இடத்தில் மட்டும். சம்பளப் பக்கத்திலும் சுயதொழில் பக்கத்திலும் 800, 800 என்று எழுதினால் ஒரே செலவை இரண்டு முறை கேட்டதாகிவிடும். சுயதொழிலில் செலவுக் கணக்குக்குப் பதிலாக, அரசு ஒரே தொகையாகக் கழித்துக்கொள்ள அனுமதிக்கும் 1,000 பவுண் விலக்கை எடுக்கிறீர்கள் என்றால் அந்தப் பக்கத்தில் எந்தச் செலவையும் கழிக்க முடியாது. அப்போது கட்டணத்தைச் சம்பளப் பக்கத்திலேயே போடுங்கள், சலுகை வீணாகாது. உங்கள் நிலையில் அதுவே நல்லது.

இனி அந்த நிறுவனத்தின் படிவம். முன்பெல்லாம் உங்கள் வரிப்பணத்தின் உரிமையையே எழுதி வாங்கிக்கொள்வார்கள். அடுத்த வருடம் வேறு காரணத்துக்காக வரும் பணம்கூட அவர்களிடமே போனது. 2023 மார்ச் 15 முதல் அப்படி எழுதிக்கொடுப்பது செல்லாது. இப்போது வேறு வழி பிடித்திருக்கிறார்கள்: பணத்தைப் பெறுபவராகத் தங்களை நியமிக்கச் சொல்கிறார்கள். வேறொருவரின் வங்கிக் கணக்கைக் குறிப்பிடும் இடம் படிவத்தில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் செலவழிக்காததையும் சிலர் சேர்த்துவிடுவார்கள். பிறகு திணைக்களம் விசாரித்தால் பணத்தைத் திருப்பிக் கேட்பது உங்களிடம்தான், தரகரிடம் அல்ல. அவர்கள் எடுத்த 48 சதவீதத்தையும் சேர்த்து நீங்களே கட்ட வேண்டும்.

ஒருவேளை ஏற்கனவே "சரி" என்று அனுப்பிவிட்டீர்களானால் இன்றைக்கே எழுத்தில் ரத்து செய்யுங்கள். தொலைவிலிருந்து செய்த ஒப்பந்தத்தை 14 நாட்களுக்குள் விலக்கிக்கொள்ள உங்களுக்கு உரிமை இருக்கிறது. அந்த நிறுவனம் உங்கள் பெயரில் செயல்படக் கூடாது என்று திணைக்களத்துக்கும் ஒரு கடிதம் அனுப்புங்கள்.