வாயைத் திறந்தபடி உறங்கும் பிள்ளை

கேள்வி: பாலர் பள்ளியில் படிக்கும் என் 5 வயது மகன், சளி இல்லாத நாள்களிலும் வாயால்தான் மூச்சு விடுகிறான், இரவில் குறட்டையும் விடுகிறான். அடினாய்டு பெருத்திருக்கலாம் என்கிறார் மருத்துவர். டார்ச் அடித்துப் பார்த்தால் தொண்டையில் ஒன்றும் தெரியவில்லை. வளர்ந்தால் சரியாகிவிடும் என்கிறார் என் மாமியார். காத்திருக்கலாமா?
– ஒரு தாய், உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

பதில்: அன்புள்ள சகோதரி, அடினாய்டு என்பது மூக்கின் பின்கோடியில், அண்ணத்துக்கு மேலே மறைந்திருக்கும் சதை என்பதால், வாயைத் திறந்து பார்த்தால் தெரியாது. டான்சிலைப் போல இதுவும் கிருமிகளை எதிர்க்கும் நிணநீர்த் திசுதான். ஏறத்தாழ 3 முதல் 7 வயதுவரை மிகப் பெரிதாக இருந்து, பதின்ம வயதில் பெரும்பாலும் சுருங்கிவிடும். ஆகவே உங்கள் மாமியார் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால், அதுவரை காத்திருக்கலாமா என்பதை முடிவு செய்ய, பிள்ளையின் உறக்கத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அவன் அயர்ந்து உறங்கும்போது சட்டையைக் கழற்றிவிட்டுச் சில நிமிடங்கள் கைத்தொலைபேசியில் காணொளி எடுங்கள். மூச்சை இழுக்கும்போது தொண்டைக்குழியும் விலா எலும்புகளுக்குக் கீழுள்ள பகுதியும் உள்வாங்குகின்றனவா, குறட்டை திடீரென நின்று, சில விநாடிகள் மூச்சே இல்லாமல் இருந்து, பிறகு திணறலோடு மீண்டும் தொடங்குகிறதா என்று கவனியுங்கள். அப்படியானால் காத்திருக்க வேண்டாம். உறக்கம் இவ்வாறு கெடும் பிள்ளைகள் பகலில் சோர்ந்துதான் கிடப்பார்கள் என்பதில்லை. பலர் ஓரிடத்தில் அமராமல் எரிச்சலோடு திரிவார்கள், அதைக் குறும்பு என்று கண்டிப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. தொலைக்காட்சியின் ஒலியை அவன் கூட்டி வைத்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். காதையும் மூக்கையும் இணைக்கும் குழாயை அடினாய்டு அடைத்தால், செவிப்பறைக்குப் பின்னே நீர் தேங்கிக் கேட்கும் திறன் குறையும்.

காணொளியுடன் பலதுறை மருந்தகத்துக்குச் (பாலிகிளினிக்) சென்று, காது மூக்குத் தொண்டை நிபுணரிடம் பரிந்துரை பெறுங்கள். மெல்லிய குழாய்க் கேமராவை மூக்கினுள் செலுத்தியோ எக்ஸ்ரே எடுத்தோ அடைப்பின் அளவை அறிவார்கள். நம் ஊரில் தூசிப்பூச்சி ஒவ்வாமை மிகுதி. மூக்கடைப்புக்கு அதுவே காரணமாகவோ கூடுதல் காரணமாகவோ இருந்தால், மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு மருந்தைச் சில வாரங்கள் தவறாமல் பயன்படுத்துவதே பலருக்குப் போதும். அதற்கும் அடங்காமல் மூச்சு தடைபட்டால் அடினாய்டை அகற்றும் அறுவை சிகிச்சையைப் பரிந்துரைப்பார்கள். முழு மயக்கத்தில் வாய் வழியாகவே செய்வதால் வெளியே தழும்பு இருக்காது. அடினாய்டை எடுத்துவிட்டாலும், கிருமிகளை எதிர்க்க உடலில் வேறு நிணநீர்த் திசுக்கள் நிறைய உள்ளன.