விளையாட்டுச் சங்கங்களை அரசு ஒழுங்குபடுத்தினால் மாவட்ட வீரர்களுக்கு நன்மை உண்டா, அல்லது சங்கங்களின் தன்னாட்சிதான் கெடுமா?

ராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் வளர்ந்து, பள்ளிக் காலத்தில் மாவட்ட அணிக்கு ஆடியவன் நான். நன்மை உண்டு என்பதே என் பதில். ஆனால் இதுவரை வந்த விதிகள் பெரும்பாலும் டெல்லியிலேயே நின்றுவிடுகின்றன.

என் விளையாட்டுக்கு (அதன் பெயர் வேண்டாமே) அப்போது மாவட்டத்தில் இரண்டு சங்கங்கள் இருந்தன. இரண்டுமே தம்மையே உண்மையான சங்கம் என்று சொல்லிக்கொண்டன. என்னை ஆட அனுப்பிய சங்கத்துக்கு மாநிலச் சங்கத்தின் இணைப்பு இல்லை என்பது, விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரிக்கு விண்ணப்பித்து, சான்றிதழ் செல்லாது என்று திருப்பி அனுப்பப்பட்ட அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அது சங்கங்களின் உள்விவகாரம் என்று சொல்லி அதிகாரிகள் ஒதுங்கிக்கொண்டார்கள். அன்றிலிருந்து தன்னாட்சி என்ற சொல்லைக் கேட்டால் எனக்குச் சற்று எரிச்சல் வரும்.

இருந்தாலும் வெளியிலிருந்து பிடி இறுகினாலும் அடிபடுவது ஆடுபவர்களே. 2022 ஆகஸ்டில், உச்ச நீதிமன்றம் அமைத்த நிர்வாகக் குழுவை வெளியார் தலையீடாகக் கருதி உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பை இடைநீக்கம் செய்தபோது, ஆசியப் போட்டிக்காகத் தாஷ்கண்ட் போய் இறங்கியிருந்த கோகுலம் கேரளா மகளிர் அணி ஆடாமலே திரும்ப வேண்டியதாயிற்று. தடை பத்தே நாளில் நீங்கியது. அவர்களுடைய போட்டி போனது போனதுதான்.

2025இன் தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம், தேசிய அமைப்புகளின் செயற்குழு 15 பேரைத் தாண்டக்கூடாது, அதில் குறைந்தது நான்கு பெண்கள் வேண்டும் என்கிறது. வழக்குகளுக்குத் தீர்ப்பாயமும் அமைக்கிறது. நல்லதுதான். ஆனால் அரசமைப்பில் விளையாட்டு மாநிலப் பட்டியலில் இருப்பதால், எந்த மாவட்டச் சங்கத்துக்கு இணைப்பு உண்டு என்ற பட்டியலை ஆண்டுதோறும் ராமநாதபுரம் விளையாட்டரங்கில் ஒட்டிவைக்கும் சிறு வேலையை மாநில அரசே செய்யலாம். எனக்கு அன்று அந்த ஒரு தாள் போதுமாயிருந்திருக்கும்.

அணித் தேர்வில் அரசு கைவைக்க வேண்டாம் என்பேன். ஆனால் சங்கம் கடற்கரையைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ராமேசுவரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகுக்குப் போகும் பையன்கள் ஒருசேரக் கரையில் இருப்பது அப்போதுதான். ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை தேர்வு வைத்தால் அவர்களில் யார் வருவார்கள்? என் சித்தப்பா மகன் இரண்டு ஆண்டு இப்படித்தான் தவறவிட்டான். மூன்றாம் ஆண்டு அவனுக்கு வயது வரம்பு கடந்துவிட்டது.